பொடி எழுத்தில் ஒரு வரி: அமெரிக்காவில் குடும்ப வன்முறைத் தீர்ப்பும் துப்பாக்கி உரிமையும்

கணவன் மனைவி சண்டையில் யாரோ ஒருவர் 911-ஐ அழைக்கிறார். போலீஸ் வந்து ஒருவரைக் கைவிலங்கிட்டு அழைத்துச் செல்கிறது. சில வாரங்கள் கழித்துக் கவுன்டி நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்படும்போது அரசுத் தரப்பிலிருந்து ஒரு பேரம் வருகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இல்லை, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, வாரம் ஒரு வகுப்பு, கொஞ்சம் அபராதம், அத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்பது அதன் சாரம். கையெழுத்துக்காக நீட்டப்படும் படிவத்தில் பத்திக்குப் பத்தி முதலெழுத்துப் போட ஒரு சிறு கோடு இருக்கும். பல மாநிலங்களில் அந்தக் கோடுகளில் ஒன்றின் பக்கத்தில், இத்தீர்ப்புக்குப் பிறகு துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது உங்களுக்குச் சட்டவிரோதமாகக்கூடும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர் அதைப் படிப்பதில்லை. படித்தாலும், கண்காணிப்புக் காலம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலான வழக்குகளில் அது ஆயுள் முழுவதும் முடிவதில்லை. இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போவதும், கடை நடத்துபவர் கல்லாவுக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பதும் அங்கே வியப்புக்குரிய செய்திகள் அல்ல. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தால் நாம் சட்டத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம் என்பதே சிக்கல். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்டு விண்ணப்பித்து, மாவட்ட நிர்வாகமோ மாநகரக் காவல் ஆணையரோ மனம் வைத்தால்தான் துப்பாக்கி. அமெரிக்காவில் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று தொடங்கி, யார் யாருக்கு இல்லை என்று சட்டம் ஒரு பட்டியல் போடுகிறது. 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி வந்த அந்தப் பட்டியல், கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 922(ஜி) என்ற பிரிவில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் ஏறுவதற்கு யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை. தகுதியிழப்புக்குரிய குற்றத்தில் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்த கணத்திலேயே தடையும் வந்துவிடுகிறது. நீதிபதி தண்டனையை வாசிக்கும்போது துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் தடை தடையே.

முதற்படி: உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள்

குடும்ப வன்முறை என்ற பேச்சே எழுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. எஃப்-1, எச்-1பி, எச்-4, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதே பொது விதி. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் "வைத்திருத்தல்" என்பதில் அடங்கும். 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு தொடங்கியது ஒரு சுடுதளத்தில்தான். மாணவர் விசாவில் வந்து, மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞர் அங்கே இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். தடைக்குரிய பிரிவில் தாம் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதை அரசு மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது அவருக்குச் சாதகமான செய்தி. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் குற்றவாளிக் கூண்டில் பல ஆண்டுகள் கழித்துவிட்டிருந்தார்.

இரண்டாம் படி: உங்கள் மீதான குற்றம் எந்த வகை

ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம் என்றால் ஆராய அதிகம் இல்லை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றம் என்றால் பெரும்பாலும் தடை வரும். உண்மையில் ஒரு நாள்கூடச் சிறையில் இல்லாமல் வெளியே வந்திருந்தாலும் மாற்றமில்லை. கழுத்தை நெரித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டால் அது பல மாநிலங்களில் நேரடியாகப் பெருங்குற்றமாகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

குழப்பமெல்லாம் மிஸ்டிமீனர் எனப்படும் சிறுகுற்றத்தில்தான். "சிறு" என்ற அடைமொழியை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகச் சிறுகுற்றங்கள் துப்பாக்கி உரிமையைத் தொடுவதில்லை. குடும்ப வன்முறை அதற்கு முக்கியமான விதிவிலக்கு. நியூ ஜெர்சியின் செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் கொண்டுவந்து 1996 செப்டம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. மனைவியை அடித்த வழக்குகள் பெரும்பாலும் பேரத்தில் சிறுகுற்றமாகச் சுருங்கிவிடுவதால், அடித்தவர் கையில் துப்பாக்கி தங்கிவிடுகிறது என்பதே அவர் எடுத்துவைத்த காரணம். 1996-க்கு முன்பு வந்த பழைய தீர்ப்புகளுக்கும் இது பொருந்தும்.

இப்பிரிவுக்குள் ஒரு தீர்ப்பு வருகிறதா என்பதை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். முதலாவது, அது கூட்டாட்சி, மாநில, பழங்குடி அல்லது உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வந்த சிறுகுற்றத் தீர்ப்பா? இரண்டாவது, உடல்வலிமையைப் பயன்படுத்துவதோ, பயன்படுத்த முயல்வதோ, கொடிய ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவதோ அக்குற்றத்தின் கூறாக இருக்கிறதா? மூன்றாவது, பாதிக்கப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் சட்டம் சொல்லும் உறவு உண்டா? இந்த உறவில் இந்நாள், முன்னாள் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், காப்பாளர், இருவருக்கும் பொதுவான ஒரு குழந்தை உள்ளவர், மணவாழ்க்கை போலச் சேர்ந்து வாழ்ந்தவர் ஆகியோர் அடங்குவர். காதலர்கள் நெடுங்காலம் இதில் இல்லை. 2022 ஜூன் 25-இல் கையெழுத்தான இருகட்சிப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. அந்நாள் முதல் வரும் தீர்ப்புகளில், இந்நாள் காதலரையோ அண்மைக் கால முன்னாள் காதலரையோ தாக்கியதும் சேரும். அண்ணன் தம்பிக்கு இடையிலான கைகலப்பு இப்பட்டியலில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மாநிலச் சட்டம் அதையும் குடும்ப வன்முறை என்று அழைக்கலாம், ஆனால் கூட்டாட்சித் தடைக்கு அந்த உறவு போதாது.

இந்த மூன்று கேள்விகளிலும் சந்து தேடி உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் தொடர்ந்து தோற்றிருக்கிறார்கள். என் மீதான குற்றம் வெறும் அடிதடிதான், குடும்ப வன்முறை என்ற சொல்லே சட்டப்பிரிவில் இல்லையே என்று மேற்கு வர்ஜீனியாவிலிருந்து ஒருவர் வாதிட்டார். உறவு என்பது குற்றப்பிரிவில் எழுதியிருக்க வேண்டியதில்லை, உண்மையில் இருந்தாலே போதும் என்று 2009-இல் ஹேய்ஸ் வழக்கில் பதில் வந்தது. "உடல்வலிமை" என்றால் பலத்த அடியாக இருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு, மற்றவர் விருப்பத்துக்கு மாறாகத் தொட்டுத் தள்ளுவதே போதும் என்று 2014-இல் காசல்மேன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை, ஆத்திரத்தில் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டேன் என்ற வாதத்தை 2016-இல் வாய்சின் வழக்கு மூடியது.

அந்த வாய்சின் வழக்கின் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 2004-இல் தம்மோடு குடும்ப உறவில் இருந்த காதலியைத் தாக்கிய சிறுகுற்றத்தை ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து, ஒரு வெண்தலைக் கழுகைச் சுட்டுக் கொன்றதாக அவர் மீது விசாரணை வந்தது. கழுகைத் தேடி வந்த அதிகாரிகளுக்கு அவரிடம் ரைபிள் இருப்பது தெரிந்தது. பழைய பதிவைப் புரட்டிப் பார்த்தபோது 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தெரிந்தது. வழக்கு அங்கிருந்து வாஷிங்டன் வரை போனது. பத்தாண்டுகளாக வாய்மொழி விசாரணையில் ஒரு கேள்வியும் கேட்காமலிருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், 2016 பிப்ரவரியில் இந்த வழக்கில்தான் மௌனம் கலைத்தார். ஒரு சிறுகுற்றத்துக்காக அரசியலமைப்பு உரிமை பறிபோகும் வேறு இடம் ஏதேனும் உண்டா என்பது அவர் கேட்டதன் சாரம். நல்ல கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தும் அவர் சிறுபான்மையில்தான் இருந்தார். பழைய தீர்ப்பு எந்த வழியாக மறுபடி முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பே இல்லாமலும் தடை வரும். 1994-இல் சேர்க்கப்பட்ட 922(ஜி)(8) பிரிவின்படி, முறையான அறிவிப்பு கொடுத்து, தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்து, விசாரணைக்குப் பின், துணையைத் துன்புறுத்தாதபடி நீதிமன்றம் வழங்கிய பாதுகாப்பு உத்தரவு நடப்பில் இருக்கும் வரை அதற்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அந்த உத்தரவு அவரால் ஆபத்து உண்டு என்று கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது வன்முறையை வெளிப்படையாகத் தடை செய்திருக்க வேண்டும். இது அரசியலமைப்புக்கு முரணானதா என்ற கேள்விக்கு 2024 ஜூன் 21-இல் ரஹிமி வழக்கில் 8-க்கு 1 என்ற கணக்கில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் விடையளித்தது. மறுதரப்பை விசாரிக்காமல் உடனடியாகத் தரப்படும் தற்காலிக உத்தரவுகளைக் கூட்டாட்சிப் பிரிவு தொடுவதில்லை. ஆனால் பல மாநிலச் சட்டங்கள் தொடும். உத்தரவு காலாவதியானால் இந்தத் தடை தானே விலகும். தீர்ப்பால் வரும் தடைக்கு அப்படியொரு காலாவதி இல்லை.

மூன்றாம் படி: கையெழுத்துக்கு முன்

எல்லாப் படிகளிலும் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். பின்னால் செய்யக்கூடிய எதுவும், இந்த இடத்தில் அரை மணி நேரம் செலவிட்டுக் கேட்கும் கேள்விகளுக்கு ஈடாகாது. வழக்கறிஞரிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள்: நான் ஒப்புக்கொள்ளப் போகும் பிரிவின் எண் என்ன? அதன் கூறுகளில் உடல்வலிமை இருக்கிறதா? இதனால் கூட்டாட்சித் துப்பாக்கித் தடை வருமா? மாநிலத் தடை தனியாக வருமா? இது என் விசாவையோ கிரீன் கார்டையோ என்ன செய்யும்?

பிரிவின் எண் ஏன் முக்கியம் என்றால், சட்டம் பார்ப்பது அன்றிரவு நடந்ததை மட்டும் அன்று; ஒப்புக்கொண்ட குற்றத்தின் வாசகத்தையும் பார்க்கிறது. தாக்குதல் என்ற பிரிவில் ஒப்புக்கொண்டால் தடை வரும் அதே நிகழ்ச்சிக்கு, உடல்வலிமை கூறாக இல்லாத ஒழுங்கின்மைப் பிரிவிலோ அத்துமீறல் பிரிவிலோ ஒப்புக்கொண்டால் கூட்டாட்சித் தடை வராமல் போகலாம். மாநிலத்துக்கு மாநிலம் ஒரே பெயருள்ள பிரிவின் வாசகம் மாறுவதால், பெயரைக் கேட்டு நிம்மதி அடையக் கூடாது. அரசு வழக்கறிஞர் இதற்கு இணங்குவாரா என்பது வழக்கின் தன்மையைப் பொறுத்தது. அடித்தவர் தப்பிக்கும் வழியைச் சொல்லிக்கொடுப்பதாக இதை யாரேனும் நினைக்கலாம். தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரிந்து கையெழுத்திடுவது யாருக்கும் உரியது என்பதே என் நிலை.

சட்டமே இரண்டு காப்புகளைத் தருகிறது. வழக்கறிஞர் இல்லாமலும், அந்த உரிமையைத் தெரிந்தே விட்டுக்கொடுக்காமலும் பெறப்பட்ட தீர்ப்பு இத்தடைக்குக் கணக்கில்லை. ஜூரி எனப்படும் நடுவர் குழுவின் விசாரணைக்கு உரிமையுள்ள வழக்கில் அந்த உரிமையை அறிந்தே விட்டுக்கொடுக்காமல் வந்த தீர்ப்பும் அப்படியே. ஆகவே ஆங்கிலம் தடுமாறுபவர்கள், தலையை ஆட்டிவிட்டு வராமல், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற வேண்டும். உறவினரையோ நண்பரையோ அந்த வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று பொருள்படும் "நோ கான்டெஸ்ட்" என்பதைக் "குற்றமில்லை" என்று மொழிபெயர்த்துவிட்டால் பிறகு அழிப்பது கடினம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதே கையெழுத்தில் ஒளிந்திருக்கிறது. குடும்ப வன்முறைக் குற்றத்துக்கான தீர்ப்பு கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடுகடத்தத் தக்கவராக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறியதாக நீதிமன்றம் முடிவு செய்தாலும், துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு வந்தாலும் அதே விளைவு. தவிர, குடியேற்றச் சட்டம் "தீர்ப்பு" என்ற சொல்லைத் தன் வழியில் அகலமாக வரையறுக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதேனும் ஒரு கட்டுப்பாடும் விதிக்கப்பட்டிருந்தால், தீர்ப்பை ஒத்திவைத்துப் பின்னர் வழக்கைத் தள்ளுபடி செய்வதாக மாநில நீதிமன்றம் சொன்னாலும் குடியேற்றத் துறைக்கு அது தீர்ப்பே. இத்தகைய விளைவுகளைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கடமையை நினைவூட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

நான்காம் படி: வீட்டில் இருக்கும் துப்பாக்கிகள்

தீர்ப்பு வந்த பிறகு உங்கள் வசம் துப்பாக்கி இருப்பதே குற்றம். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கான உச்சபட்சச் சிறைத்தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தியது. அலமாரி இழுப்பறையில் மறந்துபோன தோட்டாப் பெட்டியும் துப்பாக்கிக்குச் சமம். "என் பெயரில் இல்லை, மனைவி பெயரில் இருக்கிறது" என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. பெட்டகத்தின் சாவியோ எண்ணோ உங்களுக்குத் தெரிந்து, நினைத்தால் எடுக்க முடியும் என்றால், கையில் இல்லாவிட்டாலும் அது உங்கள் வசம் உள்ளதாகவே கொள்ளப்படலாம். அதே வீட்டில் மற்றவர் தம் துப்பாக்கியை வைத்திருக்க விரும்பினால், நீங்கள் அறவே திறக்க முடியாத பெட்டகத்தில் வைக்க வேண்டும். வீட்டை விட்டே அகற்றுவது அதைவிட நல்லது. கடை வைத்திருப்பவர் கல்லாவையும் நினைவில் கொள்ள வேண்டும். துப்பாக்கி நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், கல்லாவில் நிற்கும் கை யாருடையது என்பதே கேள்வி.

ஒப்படைக்கும் வழிகள் பொதுவாக மூன்று: உள்ளூர்க் காவல் துறை, கூட்டாட்சி உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர், தடை இல்லாத மூன்றாம் நபர். தடைக்கு உட்பட்டவரும் தம் துப்பாக்கிகளின் உடைமை உரிமையை மற்றவருக்கு மாற்றலாம் என்று 2015-இல் ஹெண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. ஆனால் அவற்றின் மீது எந்தக் கட்டுப்பாடும் தமக்கு எஞ்சியிருக்கக் கூடாது. "கொஞ்ச நாள் வைத்திரு, பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்று மைத்துனரிடம் கொடுப்பது மாற்றிக் கொடுத்ததாகாது. கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் குடும்ப வன்முறைத் தடை உத்தரவு கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் ஒப்படைத்து, 48 மணி நேரத்துக்குள் அதன் ரசீதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்களே காரில் எடுத்துப் போகும்முன் வழக்கறிஞரைக் கேட்டு, காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு காவல் நிலைய வாசலில் போய் நிற்பது நல்ல யோசனை ஆகாது.

காவல் துறை, ராணுவம், ஆயுதம் ஏந்திய காவல் பணி ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இது பிழைப்புக் கேள்வி. அரசு வேலைக்காகத் துப்பாக்கி ஏந்துவோருக்குச் சட்டம் தரும் விலக்கு, சிறுகுற்றக் குடும்ப வன்முறைத் தடைக்கு மட்டும் கிடையாது. பாதுகாப்பு உத்தரவால் வரும் தடைக்கு அந்த விலக்கு உண்டு என்பது விந்தையான வேறுபாடு.

ஐந்தாம் படி: கடை முகப்பில் வரும் கேள்வி

உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவரும் 4473 என்ற எண்ணுள்ள கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வேண்டும். குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததா என்ற கேள்வியும், பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்டவரா என்ற கேள்வியும் அதில் தனித்தனியாக இருக்கும். தெரிந்தே பொய் சொல்வது துப்பாக்கி கைக்கு வராவிட்டாலும் தனிக் குற்றம். பிறகு கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சரிபார்ப்பு அமைப்பையோ மாநிலத்தின் அமைப்பையோ கேட்பார். 1998 நவம்பர் முதல் இயங்கும் அந்த எஃப்.பி.ஐ. அமைப்பு மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் இருக்கிறது. மூன்று வேலை நாளில் விடை வராவிட்டால், மாநிலச் சட்டம் தடுக்காதபோது, கடைக்காரர் விரும்பினால் விற்கலாம்.

சரிபார்ப்பில் தேறிவிட்டோம் என்பதால் உரிமை உண்டு என்று பொருளில்லை. பதிவு போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். 2012-இல் விமானப்படை நீதிமன்றம் ஒருவரைக் குடும்ப வன்முறைக்காகத் தண்டித்தும், அந்தச் செய்தி எஃப்.பி.ஐ.க்கு அனுப்பப்படவில்லை. அவர் கடைகளில் துப்பாக்கி வாங்கி, 2017 நவம்பர் 5-இல் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேரின் உயிரைப் பறித்தார். அடுத்த ஆண்டு பதிவு அனுப்பும் கடமையை இறுக்கும் சட்டம் ஒன்று வந்தது.

மனைவியோ நண்பரோ தம் பெயரில் வாங்கித் தருவது இருவரையும் மாட்டிவிடும். தடையுள்ளவருக்காகப் பினாமியாக வாங்குவது 2022 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க தனிக் கூட்டாட்சிக் குற்றம். தவறான பதிவால் மறுக்கப்பட்டதாக நினைத்தால், காரணத்தைக் கேட்டு எஃப்.பி.ஐ.யிடம் முறையிடும் வழி உண்டு. பெயர்க் குழப்பம் நம்மவர்களுக்கு அடிக்கடி நேரும். தகப்பன் பெயரே கடைசிப் பெயராகப் பதிவாவதால், முருகன் என்ற கடைசிப் பெயரோடு எத்தனையோ பேர். கைரேகையோடு முறையிடுவது அப்போது உதவும்.

ஆறாம் படி: திரும்பப் பெற முடியுமா

மாநில உரிமையும் கூட்டாட்சி உரிமையும் இரண்டு தனிப் பூட்டுகள். ஒன்று திறந்தால் மற்றதும் திறந்ததாக எண்ணுவதுதான் இங்கே வழக்கமான தவறு. டெக்சாஸ் மாநிலச் சட்டம், குடும்பத்தினரைத் தாக்கிய ஏ வகுப்புச் சிறுகுற்றத்துக்கு, சிறையோ கண்காணிப்போ முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகள் தடை விதிக்கிறது. ஆறாம் ஆண்டு மாநிலச் சட்டம் அவரைத் தொடாது. கூட்டாட்சிச் சட்டம் தொடும். கலிபோர்னியாவில் பல சிறுகுற்றங்களுக்கு 10 ஆண்டுத் தடை உண்டு. 2019 ஜனவரி 1 முதல் மனைவியையோ துணையையோ காயப்படுத்தும் 273.5 பிரிவில் வரும் தீர்ப்புகளுக்கு மாநிலத் தடையும் ஆயுட்காலத் தடையாயிற்று.

தீர்ப்பு முழுமையாக அழிக்கப்பட்டாலோ, ஒதுக்கிவைக்கப்பட்டாலோ, ஆளுநரின் மன்னிப்பு கிடைத்தாலோ கூட்டாட்சித் தடை நீங்கும். ஆனால் அந்த ஆவணமே துப்பாக்கி கூடாது என்று சொல்லியிருக்கக் கூடாது. கலிபோர்னியாவின் 1203.4 பிரிவில் கிடைக்கும் தள்ளுபடியை மக்கள் பதிவு அழிப்பு என்றே சொல்கிறார்கள். அது துப்பாக்கி உரிமையை மீட்டுத் தருவதில்லை. வாக்குரிமை போன்ற பறிக்கப்பட்ட குடிமை உரிமைகள் மீட்கப்பட்டால் தடை நீங்கும் என்றும் சட்டம் சொல்கிறது. சிறுகுற்றத்துக்கு வாக்குரிமையைப் பறிக்கும் மாநிலங்கள் அரிது. பறிக்கப்படாததை மீட்க முடியாது என்பதால், பெருங்குற்றவாளிக்குத் திறக்கும் இந்தக் கதவு சிறுகுற்றவாளிக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. கூட்டாட்சி அரசிடமே நேரில் விலக்குக் கேட்கும் வழிக்கு 1992 முதல் காங்கிரஸ் நிதியை நிறுத்திவைத்தது. 2025-இல் நீதித் துறை அந்த அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றி, புதிய விதிமுறைகளை முன்மொழிந்தது.

காதலர் உறவில் வந்த தீர்ப்புக்கு மட்டும் ஒரு தளர்வு உண்டு. ஒரே ஒரு தீர்ப்பாக இருந்து, தீர்ப்பு நாளோ தண்டனையும் கண்காணிப்பும் முடிந்த நாளோ, எது பிந்தியதோ அதிலிருந்து 5 ஆண்டுகள் வேறு வன்முறைக் குற்றம் இல்லாமல் கடந்தால் உரிமை திரும்பும். கணவன் மனைவிக்கும், பொதுக் குழந்தை உள்ளவர்களுக்கும், சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இது கிடையாது.

ஊரில் நடந்த வழக்கைப் பற்றியும் ஒரு சொல். மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்காக, 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் தமிழ்நாட்டு நீதிமன்றம் தண்டித்திருந்தால், அது குடும்ப வன்முறைச் சிறுகுற்றத் தடையைச் சொல்லும் 922(ஜி)(9) பிரிவின் கணக்கில் வராது. அமெரிக்கக் கூட்டாட்சி, மாநில, பழங்குடி, உள்ளாட்சிச் சட்டங்களின் கீழ் வந்த தீர்ப்புகளையே அது குறிக்கிறது. பெருங்குற்றத் தடையில் "எந்த நீதிமன்றத்திலும்" என்ற சொற்கள் அயல்நாட்டு நீதிமன்றங்களைக் குறிக்காது என்று 2005-இல் ஸ்மால் வழக்கும் முடிவு செய்தது. ஆனால் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களில் அந்த வழக்கை மறைக்கக் கூடாது. அங்கே கேள்வி வேறு, விளைவும் வேறு.

பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை

இதுவரை படித்தவர் அடி வாங்கியவராக இருந்தால், மேலே சொன்னவை எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக இயற்றப்பட்டவை என்று அறிந்துகொள்ளுங்கள். சட்டம் இருப்பதால் மட்டும் துப்பாக்கி வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் யாராவது கேட்டால்தான் போகிறது. பாதுகாப்பு உத்தரவுக்கான மனுவில் துப்பாக்கி பற்றிய கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எத்தனை, எந்த வகை, எங்கே வைக்கப்படுகிறது, எப்போதாவது அதைக் காட்டி மிரட்டியதுண்டா என்பதை எழுதுங்கள். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, காரின் முன்னறை என்று இடத்தைக் குறிப்பிட்டால் காவல் துறைக்கு வேலை எளிதாகும். ஒப்படைப்பு உத்தரவை நீதிபதியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஒப்படைத்த ரசீது தாக்கலானதா என்று நீதிமன்ற எழுத்தரிடம் பின்னர் விசாரியுங்கள்.

அவர் விசாவைச் சார்ந்து வந்திருக்கிறேன், புகார் செய்தால் நானும் திரும்ப வேண்டியிருக்கும் என்ற அச்சத்தால் வாய் மூடியிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணையாக இருந்து துன்புறுத்தப்பட்டவர், அவர் தயவில்லாமல் தாமே மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசாவும் இருக்கிறது. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233 எல்லா நேரமும் இயங்குகிறது. தெற்காசியப் பெண்களுக்காக நியூ ஜெர்சியில் 1985-இல் தொடங்கிய மானவியும், நியூயார்க்கில் 1989-இல் தொடங்கிய சகியும் நம் வீட்டுச் சூழலை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத இடங்கள்.

உத்தரவு கிடைத்ததும் சான்றளிக்கப்பட்ட நகல்கள் சிலவற்றை எழுத்தரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று கைப்பையில் இருக்கட்டும், ஒன்று பிள்ளைகளின் பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும், ஒன்று நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் இருக்கட்டும். காலாவதி நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்க மனுப் போடுங்கள். அந்த நாள் கடந்துவிட்டால், வேறு தீர்ப்பு ஏதும் இல்லாத நிலையில், ஒப்படைத்த துப்பாக்கியை அவர் திரும்பக் கேட்டுப் போகலாம்.